பாப்பாத்தி சோடாவில் வந்த புகை

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பாப்பாத்தியிடம் சோடா வாங்கிக் குடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். கேட்டவுடனே பாட்டிலைக் கொடுத்துவிட மாட்டாள். முதலில் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு தூசி தெரிந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்புறம் விசாரணை தொடங்கும். "ஏனுங்க, தாகத்துக்கா, வயித்து உப்புசத்துக்கா? காலையில என்ன சாப்புட்டீங்க? எந்த ஊருக்குப் போறீங்க?" எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் சோடாவை உடைப்பாள். சேலம் பஸ்ஸைப் பிடிக்க வந்தவன் சோடாவுக்கு ஆசைப்பட்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் பக்கத்துக் கடையில் தையல் மிஷின் போட்டிருந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். தைக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வரும். கடவுள் வேண்டுமென்றே பாப்பாத்தியை எனக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். "டைலரண்ணே, பனி வந்தா நாய் ஏன் கொரைக்க மாட்டேங்குது?" "டைலரண்ணே, கத்திரிக்கோல் ரெண்டு காலையும் கோத்த ஆணி ஏன் தேய மாட்டேங்குது?" இப்படி நாள் முழுக்க ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். "தெரியாது" என்றால் விடமாட்டாள். தெரிந்த மாதிரி சொன்னாலோ, அதிலிருந்து இன்னும் மூன்று கேள்வி கேட்பாள்.

அவள் பிறந்தது அடிவாரத்தில், குப்பனூரில். கட்டிக்கொண்ட ராஜேந்திரன் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ இருப்பான். யாரோ கைவிட்ட பழைய சோடா மிஷினை அவன் ஒருநாள் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான். அதைக் கழற்றி, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டி ஓட வைத்தது பாப்பாத்திதான். சேலத்திலிருந்து கேஸ் சிலிண்டர் வரும். பாட்டிலில் தண்ணீர் ரொப்பி, மிஷினில் படுக்க வைத்து, கேஸைத் திறந்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றுவாள். உள்ளே கேஸ் நெருக்கும் வேகத்தில் கோலி கழுத்துக்கு வந்து அடைத்துக்கொள்ளும். சொத்தைப் பாட்டிலாக இருந்தால் வெடிக்கும். அப்படி வெடித்த ஒரு சில்லு அவள் புருவத்துக்கு மேலே சின்னதாக ஒரு தழும்பை வைத்துவிட்டுப் போயிருந்தது. அதற்காக அவள் மிஷினைத் திட்டி நான் கேட்டதில்லை, பாட்டிலைத்தான் திட்டுவாள்.

கடையில் பீடி, சிகரெட்டும் உண்டு. கடை ஓரத்தில் ஒரு தேங்காய் நார்க் கயிறு எந்நேரமும் கனன்றுகொண்டு தொங்கும். பீடி வாங்குகிறவர்கள் அதில்தான் பற்ற வைப்பார்கள். கயிற்றின் புகையும் பீடிப் புகையும் காற்றடித்தால் நேராக என் கடைக்குள் வரும். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டைகள் தனிக்கதை.

எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன்.

தலைச்சோலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, காபித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து போனால் ஒரு சின்ன ஊர் வரும். அங்கே ஐயாக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். சாமை, ஆரஞ்சு, கொஞ்சம் காபி என்று வைத்திருந்த மலை விவசாயி. ஏற்காட்டுக்கு வந்தால் பாப்பாத்தி கடையில் ஒரு பீடிக் கட்டு வாங்கி, அதில் பாதியை அங்கேயே நின்று தீர்த்துவிட்டுத்தான் போவார். அவருக்கும் மாதம்மாளுக்கும் பிள்ளை குட்டி கிடையாது. இவருக்கு அந்த அம்மாள், அந்த அம்மாளுக்கு இவர், அவ்வளவுதான்.

முந்தின ஐப்பசியில் மாதம்மாள் காய்ச்சலில் விழுந்து, சேலம் ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏறி, பிழைப்பாளா மாட்டாளா என்று ஆகிவிட்டது. அப்போதுதான் ஐயாக்கண்ணு ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். "இவ எந்திரிச்சு ஊடு வந்து சேந்தா, நோன்புக்கு நானே கரகம் எடுக்கறேன், தாயே." மாதம்மாள் எழுந்து வீடு வந்து சேர்ந்தாள்.

அந்த ஊரில் கரகம் எடுக்கிறவருக்குக் காப்புக் கட்டிவிட்டால் கட்டுப்பாடு கடுமை. வெளியார் அவர் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. வீட்டு அடுப்பில் பொங்கியதைத் தவிர வேறு எதுவும் வாயில் படக் கூடாது. புகையிலைப் புகை உள்ளே போகவே கூடாது. ஐயாக்கண்ணு மாதிரி பீடிக்காரருக்கு இது சாதாரண விஷயமல்ல. மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். ஆனால் சோடா குடிக்கலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டிருந்தது. கோலி அடைத்த தண்ணீர், யார் கையும் வாயும் படாதது என்று நியாயம் சொன்னார்கள்.

கரகத்துக்கு உடுத்துகிற மஞ்சள் துணிக்கு ஓரம் அடிக்க அவர் என் கடைக்கு வந்தார். இராத்திரி முழுக்க மழை பெய்து விட்டிருந்த காலை. குளிரில் உடம்பு விறைத்தது. வெயில் அப்போதுதான் சாய்வாக விழத் தொடங்கியிருந்தது. அவர் தூரத்தில் வருவதைப் பார்த்ததுமே பாப்பாத்தி நார்க் கயிற்றை எடுத்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கி அணைத்துவிட்டாள். பீடியோடு நின்றவர்களை, "கவுண்டரு நோன்பு இருக்காருங்க, அக்கட்டால போங்க" என்று விரட்டினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் சோடா கேட்டார். அன்றைக்கு விசாரணைகூட இல்லை. சுத்தமான பாட்டிலாகப் பார்த்து எடுத்து, கட்டை விரலால் கோலியை அழுத்தினாள். சத்தத்தோடு பாட்டில் வாயிலிருந்து வெள்ளையாக ஒன்று எழும்பியது. சாய்ந்த வெயிலில் அது பளிச்சென்று தெரிந்தது. ஐயாக்கண்ணு ஒரு மடக்குக் குடித்துவிட்டார். கழுத்துக்குள் மிச்சம் சுழன்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தார். வாயில் இருந்ததைத் துப்பினார்.

"அம்மிணி, இதுல பொகை வருது."

"பொகை இல்லீங்க கவுண்டரே, சோடாவுல எப்பவும் வர்றதுதானுங்க."

"பீடி வாசம் அடிக்குது அம்மிணி. எனக்கா தெரியாது பீடி வாசம்?"

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். என்னிடம் கொடுத்த துணியைக்கூடத் திரும்ப வாங்கவில்லை.

அடுத்த நாள் அந்த ஊர்ச் சின்னன் வந்து நடந்ததைச் சொன்னான். இவன் ஐயாக்கண்ணுக்குப் பங்காளி. அவர் அன்றைக்கே காப்பை அவிழ்த்து மாதம்மாள் கையில் கொடுத்து, ஓடையில் விட்டுவிடச் சொல்லிவிட்டாராம். இந்த வருஷம் சின்னன்தான் கரகம் எடுக்க வேண்டுமென்று ஊரில் பேச்சாம். "எனக்கே மனசு ஒப்பலீங்க. மாதம்மாக்கா சோறு திங்கறதில்லை. குடுத்த வாக்கு மாறிப்போச்சு, ஆத்தா மறுக்காக் காச்சலக் குடுத்துருவான்னு அழுவுது" என்றான். போகும்போது, "உங்க சோடாவுனாலன்னு ஊருல பேசிக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாப்பாத்தி அழுததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். செத்துப் பிழைத்த ஒரு பெண் தன்னால் மறுபடி பயந்து கிடக்கிறாள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளுடைய வழக்கமான குணம் வந்துவிட்டது.

"டைலரண்ணே, கயித்தை நான் அணைச்சதைப் பாத்தீங்கல்ல?"

"பார்த்தேன்."

"பக்கத்துல ஒருத்தனும் பீடி குடிக்கலைதானே?"

"இல்லை."

"அப்ப அது என்னது?"

"சோடான்னா அப்படித்தான் வரும்."

"அப்படித்தான்னா எப்படி? நானும் இத்தனை வருசமா ஒடைக்கிறேன். கண்ணு முன்னால வந்து வந்து போச்சு. இது என்னான்னு ஒரு நாளாச்சும் கேட்டனா பாருங்க! ஊரு நாயி ஏன் கொரைக்கலைன்னு கேட்டேன், இதைக் கேக்கலை."

அன்று முழுக்க வியாபாரம் பார்க்கவில்லை. சோடாவாக உடைத்துத் தள்ளினாள். வெயிலில் வைத்து உடைத்தாள், நிழலில் வைத்து உடைத்தாள். குனிந்து முகர்ந்து பார்த்தாள், வாசனையே இல்லை. என் கடையில் கிடந்த வெள்ளைப் பாப்ளின் துண்டு ஒன்றைக் கேட்காமல் எடுத்துப்போய் ஒருவனை அதன் வழியாகப் பீடிப் புகையை ஊதச் சொன்னாள். பழுப்பாகக் கறை விழுந்தது. அதே துணியின் மறுமுனையைப் பாட்டில் வாய்க்கு மேலே பிடித்து ஏழெட்டு சோடா உடைத்தாள். துணி லேசாக ஈரமானது, கறை இல்லை. "ஈரம் டைலரண்ணே, ஈரம்!" என்று கத்திக்கொண்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது ஒருவரின் சட்டைக் காலருக்கு வெட்டி வைத்த துண்டு. எனக்கு வந்த கோபத்தில் அவள் சொன்னது காதில் ஏறவில்லை.

ஆனால் அந்த நேரம் பார்த்து ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த சாந்தாமேரி டீச்சர் காதில் ஏறிவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். லீவு நாளாகையால் சாவகாசமாக இருந்தார். பாப்பாத்தி சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது புகை இல்லை பாப்பாத்தி, மேகம்" என்றார்.

"மேகமுங்களா? நம்ம பாட்டில்லயா?"

"பாட்டிலுக்குள்ளே காற்றும் கேஸும் நெருக்கிப் பிடித்த மாதிரி அடைந்து கிடக்கிறது. நீ கோலியை அழுத்தினதும் நெருக்கம் விட்டுப்போகிறது. சட்டென்று விரிகிறது. விரிகிற காற்று தன்னிடம் இருக்கிற சூட்டைச் செலவழித்துக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்றால் ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாது, பொடிப்பொடித் துளியாக விட்டுவிடும். அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது."

பாப்பாத்தி சும்மா கேட்டுக்கொள்கிறவளா? கண்ணை ஓட்டினாள். என் கடை முன்னால் என்னுடைய சைக்கிள் நின்றது. போய் முன் சக்கரத்து வால்வைத் தளர்த்திவிட்டு, சீறி வந்த காற்றில் கையை வைத்தாள். "ஜில்லுன்னு இருக்குதுங்க டீச்சர்!" நான் ஊசியைத் துணியில் விட்டுவிட்டு ஓடுவதற்குள் சக்கரம் சப்பையாகிவிட்டது. போதாக்குறைக்கு என்னையே காற்றடிக்கச் சொல்லிப் பம்ப்பின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். "நெருக்குனா சுடுது, விட்டா குளுருது. சரியாத்தான் சொல்றீங்க."

"மலைக்கு மேகம் வருவதும் இப்படித்தான்" என்றார் டீச்சர். "கீழே காற்றுக்கு அழுத்தம் அதிகம். மலை ஏற ஏற அழுத்தம் குறையும். குப்பனூரிலிருந்து ஏறி வருகிற காற்று வழியெல்லாம் விரிந்து விரிந்து குளிர்ந்து, இங்கே வரும்போது மேகமாகிவிடும்."

"பஸ்ஸு வளைவு ஏற ஏறக் காது அடைக்குதே, அதுவும் இதனாலதானுங்களா?"

"அதனால்தான்."

பாப்பாத்தி ஒரு சோடா பாட்டிலை எடுத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "இதை நான் கவுண்டர்கிட்டச் சொன்னா நம்ப மாட்டாருங்க. கண்ணுல காட்டோணும். சோடாவைக் காட்டுனா பொகைம்பாரு. போனது திரும்பி வர்ற மாதிரி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு காலி குளுக்கோஸ் பாட்டிலும், கால்பந்துக்குக் காற்றடிக்கிற பம்ப்பும் கொண்டுவந்தார். கண்ணாடிப் பாட்டில், வாயில் ரப்பர் மூடி. மூடியில் பம்ப் ஊசியைக் குத்தி, உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினார். "நிதானமாகத்தான் அடிக்க வேண்டும், மூடி தானாகக் கழன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி உடையும்" என்று எச்சரித்துவிட்டு அடித்தார். மூடி பட்டென்று கழன்றது. பாட்டில் முழுக்க வெள்ளையாக மேகம். உடனே மூடியை வைத்து மறுபடி அடித்தார். மேகம் மாயமாகி, பாட்டில் தெளிந்துவிட்டது. மூடி கழன்றதும் திரும்பவும் வந்தது.

நான் மிஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தேன். இன்னொரு தரம் செய்யச் சொன்னதும் நான்தான்.

"பொகையா இருந்தா, வான்னா வந்து போன்னா போவுமா?" என்றாள் பாப்பாத்தி. "இது போதுமுங்க டீச்சர்."

கரகத்துக்கு முந்தின நாள் மூன்று பேரும் கிளம்பினோம். தைத்து முடித்த மஞ்சள் துணியைக் கொடுக்கிற சாக்கில் நானும் போனேன். உண்மையில் என்ன ஆகிறதென்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பாப்பாத்தி விடியலில் எழுந்து பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குச் சுத்தம் செய்திருந்தாள். நோன்பு வீட்டுக்குப் போகிற பாட்டில் அல்லவா?

வழியெல்லாம் மழை. ஊர் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, மரமும் காற்றும் கழுவி விட்ட மாதிரி இருந்தது. ஐயாக்கண்ணு எங்களைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. ஆனால் வாசற்படிக்கு உள்ளேயே நின்றார். காப்பை அவிழ்த்துவிட்டாலும் கட்டுப்பாட்டை அவர் விடவில்லை. பீடியையும் தொடவில்லை என்று சின்னன் சொன்னான். மாதம்மாள் அவருக்குப் பின்னால் இருட்டில் நின்றாள். கண்கள் குழி விழுந்திருந்தன. அக்கம்பக்கத்தார் சிலர் வந்து கூடினார்கள்.

வாசலில் ஒரு கல்லின் மேல் பாட்டிலை வைத்து, பாப்பாத்தி சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பம்ப்பை அடித்தாள். மூடி கழன்றது.

பாட்டில் வெறுமையாக இருந்தது.

மறுபடி அடித்தாள். ஒன்றும் வரவில்லை. மூன்றாம் தரம் ஏதோ இழை மாதிரி ஓடியது. எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. யாரோ சிரித்தார்கள். பாப்பாத்தியின் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

டீச்சர் அவள் காதோரம் குனிந்தார். "தப்பு என்னுடையது. துளி உட்கார ஏதாவது பொடி வேண்டும், தூசியோ புகையோ. உன் கடைக் காற்றில் கயிற்றுப் புகை எப்போதும் இருக்கிறது, அதனால் அங்கே வந்தது. இங்கே மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. பாட்டிலும் ரொம்பச் சுத்தம். ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து உள்ளே போட்டால் உடனே வரும்."

"பொகையா?" பாப்பாத்தி அலறாத குறை. "பொகை இல்லைன்னு சொல்றதுக்குத்தானுங்க வந்திருக்கறேன். அதுல நானே பொகையப் போடறதா? முடியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், பாப்பாத்தி."

"அவருகிட்டச் சொல்லாமப் போடச் சொல்றீங்களா? சொல்லிட்டுப் போட்டா அவரு நம்புவாரா?"

சிரித்தவர்கள் கலைய ஆரம்பித்தார்கள். ஐயாக்கண்ணு, "உடு அம்மிணி. நீ வேணும்னா செஞ்ச? என் தலையெழுத்து" என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்போது மாதம்மாள் முன்னால் வந்தாள். "என்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க, இந்த மாதிரிப் பாட்டலு" என்றாள்.

உள்ளே போய், அடுப்புக்கு மேலே பரணில் இருந்த ஒரு குளுக்கோஸ் பாட்டிலை எடுத்தாள். அவள் உடம்பில் ஏறிய கடைசிப் பாட்டிலாம். ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தாள். ரப்பர் மூடியைத் திறந்து கவிழ்த்தாள். உள்ளேயிருந்து மஞ்சள் கயிறு ஒன்று அவள் கையில் விழுந்தது.

ஐயாக்கண்ணு அதைப் பார்த்தார். அவருடைய காப்பு.

"ஓடையில உட்டுட்டன்னு சொன்ன?"

"ஓடை வரைக்கும் போனனுங்க. மனசு வரலை" என்றாள் மாதம்மாள்.

பாப்பாத்திக்கு முகம் மாறியது. அவள் வீட்டின் உள்ளே பார்த்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கூரைக்குக் கீழே மெல்லிசாக விறகுப் புகை நின்றது. கதவு வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்திருந்தது.

"அக்கா, நாங்க படி தாண்டக் கூடாது. நீங்களே செய்யுங்க" என்றாள். "உங்க பாட்டலு, உங்க ஊட்டுத் தண்ணி. நான் இங்க இருந்து சொல்றேன்."

மாதம்மாள் பம்ப்பின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே வாங்கிக்கொண்டாள். அடுப்பில் இருந்த வெந்நீரில் கொஞ்சம் பாட்டிலில் விட்டுக் குலுக்கினாள். பாப்பாத்தி சொல்லச் சொல்ல, வெயில் பட்டைக்கு நடுவே உட்கார்ந்து, ஊசி குத்திய மூடியைப் பொருத்திப் பம்ப்பை அடித்தாள். காய்ச்சலில் இளைத்த கை. நிதானமாகத்தான் அடிக்க முடிந்தது.

பட்டென்று மூடி கழன்றது. பாட்டிலுக்குள் மேகம் திரண்டு நின்றது. ஏற்காட்டு ஏரி மேல் இறங்குகிற மேகம் எப்படியோ அப்படியே இருந்தது. மாதம்மாள் பயந்து பாட்டிலை விடப் பார்த்தாள்.

"உட்றாதீங்கக்கா! மூடிய வெச்சு மறுக்கா அடிங்க."

அடித்தாள். மேகம் போய்விட்டது. மூடி கழன்றது, மேகம் வந்தது. கலைந்துபோன கூட்டம் திரும்பி வந்து வாசலை அடைத்துக்கொண்டது. ஐயாக்கண்ணு மாதம்மாளுக்குப் பக்கத்தில் குந்தினார். பம்ப்பைத் தான் வாங்கி அடித்தார். போனது. வந்தது. குனிந்து முகர்ந்தார். வெகுநேரம் முகர்ந்தார்.

"பீடி வாசம் இல்லை" என்றார்.

"அன்னைக்கும் இருந்திருக்காதுங்க" என்றாள் மாதம்மாள். "தூக்கத்துலயே பீடி கேக்கற ஆளு நீங்க. உங்க மூக்கை நம்பியா காப்பை அவுத்தீங்க?"

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் ஐயாக்கண்ணு சிரிக்கவில்லை. பாப்பாத்தியைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பாட்டல்ல வராதது இதுல ஏன் அம்மிணி வந்துச்சு?"

நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் பாப்பாத்தியைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வந்திருக்கலாம். வெந்நீர் என்று சொன்னாலே போதும், அதுவும் பொய்யாகாது. நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"பொய் சொல்ல மாட்டனுங்க கவுண்டரே" என்றாள் பாப்பாத்தி. "மேகம் உக்கார ஒரு பொடி வேணுமுங்க. வெளியில மழை எல்லாத்தையும் கழுவிருச்சு. உங்க ஊட்டுக்குள்ள அடுப்புப் பொகை இருக்குது. அதுல துளி துளியா உக்காந்துதான் மேகம் ஆச்சு. பொகையே இல்லைன்னு சொன்னா அது பொய்யி."

கெடுத்தாள் என்றுதான் நினைத்தேன்.

ஐயாக்கண்ணு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். அதன் மேல் கஞ்சிப் பானை இருந்தது. நோன்பு தொடங்கிய நாள் முதல் அவர் அதைத் தவிர வேறு எதையும் சாப்பிட்டதில்லை.

"இவ அடுப்புப் பொகையா?" என்றார். "அது தீட்டுன்னா நான் பொறவு எதைத் திங்கறது?"

கையை மாதம்மாள் பக்கம் நீட்டினார். "கட்டு."

"பூசாரிதானுங்க கட்டோணும்."

"அவரு நாளைக்குக் கட்டட்டும். இப்ப நீ கட்டு."

மாதம்மாளுக்கு முடிச்சு விழவில்லை. திரும்பத் திரும்பக் கட்டினாள். மஞ்சள் துணியை நான் வாசற்படியில் வைத்தேன். சின்னன் பெரிதாக மூச்சு விட்டான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பாத்தி டீச்சரிடம் வாய் மூடாமல் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். நான் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை.

நோன்பு முடிந்து, இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். ஐயாக்கண்ணு கணீரென்று பீடிக் கட்டு கேட்டார், உடனே சோடாவும் கேட்டார். பாப்பாத்தி பாட்டிலை எடுத்தாள். கோலி மேல் விரலை வைத்தவள் அழுத்தாமல் நின்றாள்.

"ஒடை அம்மிணி" என்றார் அவர்.

உடைத்தாள். வெள்ளையாக எழும்பியது. ஐயாக்கண்ணு கற்பூரத் தட்டில் செய்வது போல அதன் மேல் உள்ளங்கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகுதான் குடித்தார்.

"எனக்கும் ஒண்ணு ஒடைங்க" என்றாள் மாதம்மாள்.

பாப்பாத்தி அவளிடமும் எதையும் விசாரிக்காமல் உடைத்துக் கொடுத்தாள்.